ஏட்டையாவின் பத்தியம்

தட்டை வைத்தேன். ஏட்டையா வந்தார், குனிந்து ஒரு தடவை மோந்தார், மூக்கைச் சுருக்கினார். அப்புறம் முன்னங்காலால் தட்டைச் சுற்றி மொசைக் தரையைச் சுரண்ட ஆரம்பித்தார். பர்ர், பர்ர், பர்ர். மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை அள்ளி மூடுகிற பாவனை. பூனை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் தட்டில் வேலை முடிந்ததும் என்ன செய்வாரோ, அதையேதான் நான் வைத்த சாப்பாட்டுக்கும் செய்தார். மிச்ச இரையை மூடி வைக்கும் காட்டுப் பழக்கம் அது என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது. அந்தத் தட்டில் இருந்தது எவ்வளவு விலை என்று எனக்கல்லவா தெரியும்.

உடம்பு முழுக்கக் காக்கி நிறம், முகத்தில் பெரிய மீசை, தெருவில் ராத்திரி ரோந்து. அதனால் குட்டியாக இருந்தபோதே பக்கத்து வீட்டுப் பையன்கள் வைத்த பேர் ஏட்டையா. எங்கள் வீட்டில் ‘அவர்’ என்றுதான் பேச்சு. எழுத்திலும் அப்படியே இருக்கட்டும்.

வீடு தூத்துக்குடியில். அப்படியானால் அவர் எதைத் தின்று வளர்ந்திருப்பார் என்று சொல்லவே வேண்டாம். சாளை. சென்னைக்காரர்களுக்கு மத்தி. வாரத்தில் நாலு நாள் மீன்கார அக்கா வருவார். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் ஆய்வார். வெட்டிய தலை கீழே விழும் முன்பே ஏட்டையாவின் வாய்க்குப் போய்விடும். மற்ற நாட்களில் நெத்திலிக் கருவாடு போட்டுப் பிசைந்த சோறு. பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

போன ஆடி மாதம் அவர் அடிக்கடி குளியலறை வாளியின் விளிம்பில் தொற்றி நின்று தண்ணீர் குடிப்பதைக் கவனித்தேன். வெயிலுக்குக் குடிக்கிறார் என்று விட்டுவிட்டேன். மணல் தட்டு முன்பைவிட இரண்டு மடங்கு நனைந்தது. ஒரு நாள் மடியில் வைத்துத் தடவும்போது முதுகெலும்பு கண்ணி கண்ணியாக விரலில் தட்டியது. எடை பார்த்தால் 4.1 கிலோ. முந்தின வருஷம் தடுப்பூசி போடப் போனபோது 5.2.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு) 3.4, பாஸ்பரஸ் 6.2. நாள்பட்ட சிறுநீரக நோய், நாலு கட்டத்தில் மூன்றாவது. வயதான பூனைகளுக்குச் சர்வசாதாரணமாக வருவதுதான் என்றார் டாக்டர். சிறுநீரகத்தில் பெரும்பகுதி வேலையை நிறுத்திய பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும். அதுவரை மிச்சமிருப்பது இரண்டு பங்கு வேலையை இழுத்துப் போட்டுச் செய்து சமாளித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தை எவ்வளவு நாள் காப்பாற்றுகிறோம் என்பதுதான் வைத்தியம். அதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாத பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கி, நன்றாக இருக்கும் பகுதியையும் கெடுக்கும். பாஸ்பரஸ் எங்கே அதிகம் என்று கேட்டேன். எலும்போடு தின்கிற சின்ன மீன், கருவாடு, மீன் தலை என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் வீட்டு மெனுவைப் பார்த்துப் படிப்பது போல இருந்தது.

ஆக, ரீனல் உணவு, அதாவது சிறுநீரகப் பத்தியச் சாப்பாடு. பாஸ்பரஸ் குறைவு, புரதம் அளவோடு, ஒமேகா 3 கூடுதல், ரத்தத்தில் அமிலம் சேராமல் பார்த்துக்கொள்ளும் உப்புகள். ஊரில் கிடைக்கவில்லை. இணையத்தில் போட்டு ஐந்து நாள் கழித்து வந்தது. அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன். அதற்கே, “ஏட்டி, அந்தக் காசுக்கு சீலா வாங்கிரலாமே” என்றார்.

முதல் தப்பு அன்றைக்கே செய்தேன். செல்லப்பிராணிக் கடையில் ஒருவர் சொன்னார்: “ரெண்டு நாள் பட்டினி போடுங்க மேடம், மூணாம் நாள் தானா திங்கும்.” நியாயமாகத்தான் பட்டது. பசித்தால் புலியும் புல்லைத் தின்னும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை ராத்திரியோடு மீனை நிறுத்தினேன். சனிக்கிழமை முழுக்கத் தரை சுரண்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சளாக நுரைத்த வாந்தி, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவர் கூப்பிட்டாலும் வரவில்லை.

டாக்டரை போனில் பிடித்தேன். அவர் இவ்வளவு கோபப்பட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலுக்கு வரும். அவ்வளவையும் கையாள அந்தக் கல்லீரலுக்கு வக்கில்லை. கொழுப்பு அங்கேயே படிந்து, இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே ஈரல் படுத்துவிடலாம். குண்டுப் பூனைகளுக்கு இன்னும் ஆபத்து. “அவன் எதையாவது சாப்பிடணும் மேடம். சாளையானாலும் சரி. தட்டுல காய்ஞ்சு கிடக்கிற ரீனல் உணவால அவன் கிட்னிக்கு என்ன பிரயோஜனம்?”

அவித்த சாளை ஒன்று முழுசாக உள்ளே போனது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாவது தப்பு அதைவிடப் புத்திசாலித்தனமானது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையைப் பொடித்து, புதுச் சாப்பாட்டில் கலந்துவிட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மாத்திரை கசப்பு. நாக்கில் பட்டதும் வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே அறையை விட்டு வெளிநடப்பு.

இது எனக்குப் புரியாத விஷயமும் இல்லை. ஏழு வயதில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஆரஞ்சு மிட்டாய் தின்றுவிட்டு வாந்தி எடுத்தேன். மிட்டாய் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸும் டீசல் வாடையும்தான் காரணம். இன்றைக்கும் அந்த மிட்டாயை என்னால் வாயில் வைக்க முடியாது. பூனைகளுக்கும் இந்த ஞாபகம் அழுத்தம். குமட்டல் இருக்கும்போது எதைத் தின்றதோ அதன்மேல் பழியைப் போட்டுவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போதோ, உடம்பு ரொம்ப முடியாதபோதோ பத்தியச் சாப்பாட்டை ஆரம்பிக்கக் கூடாது என்கிறார்கள். அந்தச் சாப்பாடு அவர்கள் நினைவில் நோயின் ருசியாகப் பதிந்துவிடும்.

அந்த வகை பாக்கெட் எங்கள் வீட்டில் அதோடு செத்தது. தெருப் பூனைகள் இரண்டு நாளில் தின்று முடித்தன. அவற்றுக்குப் பத்தியம் ருசித்தது.

டாக்டர் என்னை உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். தட்டுக்கு ஆசையாக ஓடி வருகிறாரா? ஆமாம். வந்து மோந்துவிட்டு உதட்டை நக்குகிறாரா, எச்சில் விழுங்குகிறாரா, திரும்பிக்கொள்கிறாரா? ஆமாம், அப்படியேதான். அப்படியென்றால் அது பிகு இல்லை, குமட்டல். பசியும் இருக்கிறது, வயிற்றைப் புரட்டவும் செய்கிறது. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் சுற்றினால் அப்படித்தான் இருக்கும். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வாரமாக நான் ‘திமிர்’ என்று திட்டியது அதைத்தான்.

அப்புறம் பத்து நாள் புதுச் சாப்பாடு என்ற பேச்சே இல்லை. குமட்டலுக்கு மருந்து, பசி எடுக்க மருந்து, வாரம் இரண்டு முறை தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர். பாட்டிலை ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டு, தோள்பட்டைத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஊசியை நான் போட அம்மா தலையைத் தடவுவார். 100 மில்லி இறங்கி முடிந்ததும் ஒட்டகம் மாதிரி ஒரு திமிலோடு நடந்து போவார் ஏட்டையா. மாத்திரை தனியாக, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில், சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத அறையில். பத்தாம் நாள் விடியற்காலையில் அவரே வந்து என் காலைக் கடித்து எழுப்பினார். பசி.

அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் நிறையப் படித்தேன். பூனைக்கு இனிப்பே தெரியாதாம். இனிப்பை உணரும் மொட்டுக்குத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் உடைந்து கிடக்கிறது என்பதை 2005-ல் ஃபிலடெல்ஃபியாவின் மோனல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நமக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் பூனைக்கு ஐந்நூறுகூடத் தேறாது. நாக்கு விட்ட இடத்தை மூக்கு பிடித்துக்கொள்கிறது. வாசம் வரவில்லையா, அது சாப்பாடே இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. அப்போதுதான் பிடித்த இரையின் சூட்டில், அதாவது 38 டிகிரி பக்கம் இருந்தால் கொஞ்சம் மதிப்பார்கள். இன்னொன்று 2023-ல் வந்த ஆய்வு. பூனையின் நாக்கில் இறைச்சிச் சுவையைப் பிடிக்கும் ஏற்பி உண்டு, அதைக் கிளப்பும் பொருட்களின் சேர்க்கை சூரை மீனில் அமோகமாக இருக்கிறது என்கிறது. சூரையை அவித்து, புகை போட்டு, காயவைத்தால் வருவதுதான் மாசி. எங்கள் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் எப்போதும் இருக்கும் சாமான். அதைப் படித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு நான் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பத்தியச் சாப்பாட்டின் கதையும் அப்படி ஒரு ராத்திரியில்தான் கிடைத்தது. அமெரிக்காவில் 1930களின் கடைசியில், மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்றவர் தன் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு என்று மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவரிடம் வந்தார். நாயின் பேர் ‘படி’ (Buddy). மருத்துவர் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தாத ஒரு சாப்பாட்டைத் தானே உருவாக்கினார். அவரும் அவர் மனைவியும் அதை வீட்டு அடுப்பில் சமைத்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். வழியில் புட்டி உடைந்ததால் டின்னுக்கு மாறினார்கள். 1948-ல் கான்சாஸ் மாநிலத்தின் டோபிகாவில் இருந்த ஹில் பேக்கிங் கம்பெனி அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் ரீனல் உணவுகளுக்கெல்லாம் தொடக்கம் அந்த அடுப்படி.

இதை அம்மாவிடம் சொன்னது மூன்றாவது தப்பு. “அப்ப வீட்டுல ஆக்குனதுதான! நான் ஆக்கித் தாரேன். எத்தன பிள்ளைக்குப் பத்தியம் பாத்திருக்கேன்.” பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் பூண்டும் சுக்கும் தட்டிப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்த கை அது. பூனைக்குப் பூண்டும் வெங்காயமும் விஷம், ரத்த அணுக்களையே உடைத்துவிடும் என்றதும் கொஞ்சம் யோசித்தார். “சரி, பூண்டு வேண்டாம்.” அப்புறம் டாரின் என்ற சத்தின் கதையைச் சொன்னேன். பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அது குறைந்ததால் பூனைகளின் இதயம் பலூன் மாதிரி ஊதிப் பலவீனமாவதை 1987-ல்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் கடையில் விற்ற உணவைத் தின்ற பூனைகளிடம். கம்பெனிக்காரர்களே சறுக்கிய இடம் இது. முறையாகக் கணக்குப் போட்டுத் தரும் மருத்துவர் இருந்தால் வீட்டுச் சமையல் முடியாததில்லை. நம் கைக்கணக்கு மட்டும் போதாது. அம்மா விட்டுக்கொடுத்தார். அல்லது நான் அப்படி நினைத்தேன்.

பதினோராம் நாள் வேலை தொடங்கியது. இந்த முறை வேறு வகை, களி மாதிரி இருக்கும் ஈர உணவு. தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போகும் என்பது ஒரு லாபம். முதல் நான்கு நாள் அதை அவருக்குக் கொடுக்கவே இல்லை. அவருடைய வழக்கமான தட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்ன மூடியில் சும்மா வைத்திருந்தேன். தின்ன வேண்டாம், பழகட்டும். ஐந்தாம் நாள் அவித்த மீனில் ஒரு கிராம். அடுக்களைத் தராசில் நிறுத்து, ஒரு கிராம். தரை சுரண்டல் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு கிராம் கூட்டினேன். பழைய நோட்டு ஒன்றில் தேதி, கிராம், மிச்சம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதினேன். மீன் அவித்த தண்ணீர் ஒரு டீஸ்பூன் ஊற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், அந்த அளவுக்கு மேல் போகாவிட்டால் சரி என்றார். அவித்த தண்ணீரிலும் பாஸ்பரஸ் கொஞ்சம் இறங்கியிருக்கும். மாசித் தூளுக்கும் அனுமதி கிடைத்தது, நுனிவிரலில் ஒட்டுகிற அளவு. அது விழுந்த நாட்களில் தட்டு பளபளவென்று இருக்கும்.

கால் பங்கு வரை ஏறியது. அங்கே நின்றது. மூன்றில் ஒரு பங்கு ஆக்கினால் மீனை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார், நாம் பொங்கலில் மிளகை ஒதுக்குவது போல. பின்வாங்கினேன். திரும்ப ஏறினேன். திரும்ப ஒதுக்கினார். மூன்று வாரம் இதே கதை. இதில் வினோதம், தட்டில் பாதி மிச்சம் வைக்கிறவரின் எடை குறையவில்லை. 4.2.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். வாசலில் மீன்கார அக்கா எழுந்துகொண்டிருந்தார். “யக்கா, நாளைக்கும் ஏட்டையாவுக்கு ரெண்டு தனியா எடுத்து வைக்கேன்” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அம்மா அரிவாள்மணையைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார். ஏட்டையாவின் மீசையில் ஒரு செதில், வெயில் பட்டு மின்னியது.

சண்டை போட்டேன். அம்மா நிமிரவில்லை. “ஒரு தலதான குடுத்தேன்.” அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “நானும்தான் உப்பில்லாம திங்கேன். அது எனக்குத் தெரியும், எதுக்குன்னு. அவருக்கு யாரு சொல்லியிருக்கா?” என்றார். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. எட்டு வருஷமாக உப்புக் குறைத்த சாப்பாடு. ஊறுகாய் பாட்டில் அரிசி டின்னுக்குள் ஒளிந்திருப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். கோபத்தில் இல்லை, எனக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது. இனி நீங்களே பாருங்கள், ரத்தத்தில் பாஸ்பரஸ் 5-க்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

அம்மா கட்டம் போடவில்லை, தராசையும் தொடவில்லை. மறுநாள் மீன் ஆய்ந்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீரில் மட்டும் அலம்பினார். பாக்கெட்டைச் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, அந்தக் களியில் கொஞ்சம் கிள்ளி, சுண்டைக்காய் அளவு உருட்டினார். பேரப்பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறு உருட்டிக் கையில் போடுவாரே, அதே உருட்டல். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஏட்டையா மோந்தது அந்த உருண்டையை இல்லை, கையை. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, கையை நக்குகிற போக்கிலேயே உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டார். மீன் துளிகூட இல்லாத உருண்டை. நான் அடுக்களை வாசலில் மூச்சுவிடாமல் நின்றேன். அம்மா அடுத்ததை உருட்டினார். அன்று ஒன்பது உருண்டை.

அதிலிருந்து நான்கு வாரத்தில் கையிலிருந்து தட்டின் விளிம்புக்கும், விளிம்பிலிருந்து நடுவுக்கும் அம்மா உருண்டைகளைக் கடத்திக்கொண்டு போனார். மீன் வராத நாளில் மாசி டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்துவிட்டு உருட்டுவார். ஊர்த் திருவிழாவுக்கு அவர் இரண்டு நாள் போனபோது நான் உருட்டிப் பார்த்தேன். முதல் நாள் மூன்று உருண்டை, இரண்டாம் நாள் இரண்டு, மிச்சத்துக்குத் தரை சுரண்டல். என் கையில் மடிக்கணினி வாசம்தான் இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் பாஸ்பரஸ் 4.7. கிரியாட்டினின் 3.1. அதே மூன்றாவது கட்டம்தான், ஆனால் மேலே ஏறவில்லை. எடை 4.3. முழுக்க ரீனல் உணவு என்றும் சொல்ல முடியாது, பத்தில் எட்டு ஒன்பது பங்கு. மிச்சம் முட்டை வெள்ளைக்கரு, ஞாயிற்றுக்கிழமை முள் எடுத்த ஒரு துண்டு மீன். டாக்டர் நோட்டைக் கேட்டார். எப்படி மாற்றினீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்று. அம்மா நோட்டை நீட்டினார். என் கட்டங்களுக்குப் பிறகு வந்த பக்கங்களில் அவர் கையெழுத்தில் நாளுக்கு ஒரு வரி. ‘சாளை. 9.’ ‘ஊளி. 11.’ ‘மீன் வரல, மாசி. 8.’ ‘மழை. 4. முகமே சரியில்ல.’

போன வாரம் அதே கம்பெனியின் புதுப் பெட்டி வந்தது. அட்டையின் நிறம் மாறியிருந்தது. உள்ளே இருக்கும் களியும் ஒரு சாயல் வெளுப்பு. ஏட்டையா மோந்தார், மூக்கைச் சுருக்கினார், முன்னங்காலைத் தூக்கினார். பர்ர்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டார்: “ஏட்டி, மணி என்ன? மீன்காரி வார நேரம் ஆச்சா?”